பல்வலியைப் பற்றி யோசித்த மெக்கானிக்கல் எஞ்சினியர்

வைவான்னா என்னன்னு நம்ம எல்லோருக்கும் தெரியும். அயர்ன் பண்ணின ஃபார்மல் சட்டை, ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட், வேர்த்துப்போன உள்ளங்கை, எக்ஸ்டர்னல் என்ன கேட்பாரோ என்ற பயம். இப்போ வேறொரு வைவாவைக் கற்பனை பண்ணிப் பாருங்க.

1929 ஜூன் மாதம், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். பிஎச்டி வைவாவுக்கு வந்திருக்கும் மாணவருக்கு வயது 40. அவருடைய கைடு ஃபிராங்க் ராம்சேவுக்கு வயது 26. சமர்ப்பித்த தீசிஸ் புதிதாக எழுதியது இல்லை. ஏழெட்டு வருஷத்துக்கு முன்பே அச்சாகி, தத்துவம் படித்தவர்களை மண்டையை உடைத்துக்கொள்ள வைத்த புத்தகம் அது. கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், ஜி. இ. மூர். இரண்டு பேரும் அந்தக் காலத்தின் பெரிய தத்துவ அறிஞர்கள், மாணவருக்கு ரொம்ப வருஷப் பழக்கம். வைவா முடிந்ததும் மாணவர் எழுந்து இரண்டு எக்ஸாமினர்களின் தோளிலும் தட்டி, இது உங்களுக்கு எப்போதுமே புரியாது, அதுக்காகக் கவலைப்படாதீங்க என்ற மாதிரி ஆறுதல் சொன்னாராம். டிகிரியும் கிடைத்துவிட்டது.

தயவுசெய்து நீங்க யாரும் இதை முயற்சி பண்ண வேண்டாம்.

அந்த மாணவர்தான் லுட்விக் விட்கென்ஸ்டைன். 20ஆம் நூற்றாண்டின் முக்கியமான தத்துவவாதிகள் யார் என்று கேட்டால் தவறாமல் வரும் பெயர். அவரைப் பற்றி எஞ்சினியரிங் காலேஜ் பத்திரிகையில் எதுக்கு என்று கேட்கிறீர்களா? அவர் படித்தது மெக்கானிக்கல் எஞ்சினியரிங். புரொப்பல்லர் டிசைன் பண்ணி பேட்டன்ட் வாங்கியவர். அங்கிருந்து கிளம்பி, இன்னொருத்தர் மனசுக்குள் இருப்பது நமக்குத் தெரியுமா என்ற கேள்விக்குப் போய்ச் சேர்ந்தவர். அந்தப் பயணம்தான் இந்தக் கட்டுரை.

பணக்கார வீட்டின் கடைசிப் பையன்

1889 ஏப்ரல் 26, ஆஸ்திரியாவின் வியன்னா நகரம். எட்டுப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர் லுட்விக். அப்பா கார்ல் இரும்பு, எஃகுத் தொழிலில் கோடிகளைக் குவித்தவர். வீட்டில் பல பியானோக்கள் இருந்தன. பிராம்ஸ் போன்ற பெரிய இசையமைப்பாளர்கள் சாதாரணமாக வந்து போகும் வீடு. அண்ணன் பால் பியானோ கலைஞர். முதல் உலகப்போரில் வலது கையை இழந்த பிறகும் அவர் வாசிப்பதை விடவில்லை. அவருக்காகவே ராவெல் என்ற இசையமைப்பாளர் இடது கைக்கு மட்டும் ஒரு கான்செர்டோ எழுதிக் கொடுத்தார்.

வெளியிலிருந்து பார்த்தால் குறையே இல்லாத வீடு. ஆனால் லுட்விக்கின் அண்ணன்களில் மூன்று பேர் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டவர்கள். முதல் இரண்டு மரணங்கள் நடந்தபோது லுட்விக் இன்னும் பள்ளிச் சிறுவன். இவருக்கும் அந்த எண்ணம் பல வருஷம் வந்து வந்து போனது. ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் மனசில் என்ன இருந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனது. பின்னாளில் அவர் எழுதியதைப் படிக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து வயது வாக்கில் மரத்துண்டையும் கம்பியையும் வைத்து ஒரு தையல் மெஷின் மாடல் செய்திருக்கிறார், அது உண்மையிலேயே சில தையல் போட்டதாம். 14 வயதுவரை வீட்டிலேயே பாடம். பிறகு லின்ஸ் நகரப் பள்ளியில் சேர்த்தார்கள். அதே பள்ளியில் அதே சமயத்தில் படித்த இன்னொரு பையன் அடால்ஃப் ஹிட்லர். இரண்டு பேரும் பிறந்தது ஆறு நாள் வித்தியாசத்தில். ஆனால் ஒரே வகுப்பில் இல்லை.

காற்றாடி, புரொப்பல்லர், பிறகு கணக்கு

1906இல் பெர்லினில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் சேர்ந்தார். 1908இல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போனார். ரைட் சகோதரர்கள் பறந்து அஞ்சு வருஷம்தான் ஆகியிருந்தது. ஏரோநாட்டிக்ஸ்தான் அன்றைய ஹாட் டாபிக். முதலில் கிளாஸப் என்ற ஊருக்குப் பக்கத்து மேட்டில் பெரிய பெரிய காற்றாடிகளை ஏற்றி, மேல் வளிமண்டலத்தை ஆராயும் வேலை. அடுத்து எஞ்சின். அதற்கடுத்து புரொப்பல்லர்.

அவருடைய ஐடியா சுவாரஸ்யமானது. புரொப்பல்லரை நடுவிலிருந்து ஷாஃப்ட் வைத்துச் சுற்றாமல், பிளேடுகளின் நுனியிலிருந்து வாயுவைப் பீய்ச்சி, அந்த எதிர்விசையில் சுற்றவிடுவது. 1911இல் பேட்டன்ட் கிடைத்தது. அன்றைக்கு அதைச் செய்து பறக்கவிடும் அளவுக்குத் தொழில்நுட்பம் இல்லை. ஆனால் இதே தத்துவத்தில், ரோட்டர் நுனியில் ஜெட் வைத்த ஹெலிகாப்டர்களைப் பிற்காலத்தில் வேறு பலர் செய்து பறக்கவிட்டார்கள்.

புரொப்பல்லர் டிசைன் என்றால் கணக்கு நிறைய வரும். கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தவருக்கு ஒரு கட்டத்தில் டிசைன் பின்னால் போய், கணக்கு முன்னால் வந்துவிட்டது. இந்த ஈக்வேஷன் சரி என்கிறோம், எதை வைத்துச் சரி என்கிறோம்? கணிதத்துக்கு அஸ்திவாரம் எது? நம்ம எம்-3 கிளாஸில் இப்படி ஒரு கேள்வி கேட்டால் சிலபஸில் இல்லை என்று உட்கார வைத்துவிடுவார்கள். அவர் உட்காரவில்லை. ரஸ்ஸல் எழுதிய கணித அடிப்படைகள் பற்றிய புத்தகத்தைப் படித்தார். ஜெர்மனிக்குப் போய் ஃபிரேகே என்ற தர்க்கவியல் மேதையைப் பார்த்தார். ரஸ்ஸலிடம் போ என்று அவர் அனுப்பினார்.

1911 அக்டோபரில் முன்னறிவிப்பு இல்லாமல் ரஸ்ஸலின் அறைக்குள் போய் நின்றார். அந்த டேர்ம் முழுக்க வகுப்பு முடிந்தும் விடாமல், அறைவரைக்கும் பின்னாலேயே வந்து வாதம். கடைசியில் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்: நான் சுத்த முட்டாளா இல்லையா? முட்டாள் என்றால் விமானத்துறைக்கே போய்விடுகிறேன், இல்லையென்றால் தத்துவம். லீவில் ஏதாவது எழுதிக் கொண்டு வா என்றார் ரஸ்ஸல். கொண்டுவந்ததில் முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டு, நீ விமானத்துறைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கோர் கம்பெனியா, ஐடியா, மாஸ்டர்ஸா என்று தினமும் மண்டை காய்கிற நமக்கு இந்தக் காட்சியைப் படிக்கும்போது பொறாமையாக இருக்கும். ஒரே வாக்கியத்தில் முடிவு சொல்ல ஒரு ஆள் கிடைத்தாரே! ஆனால் அவர் அப்பா தேசத்திலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எஜுகேஷன் லோன் இல்லாதவருக்கு டிபார்ட்மென்ட் மாறுவது கொஞ்சம் சுலபம்.

ஒரு தகவல். நம்ம ராமானுஜன் 1914 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தது இதே கேம்பிரிட்ஜ், இதே டிரினிட்டி காலேஜ். அதற்குச் சில மாதம் முன்புதான், 1913 கடைசியில், தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று விட்கென்ஸ்டைன் நார்வேயின் ஒரு கிராமத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

போர்முனையில் ஒரு புத்தகம்

1914இல் போர் வந்தது. ஆஸ்திரிய ராணுவத்தில் தானே முன்வந்து சேர்ந்தார். பையில் எப்போதும் நோட்டுப் புத்தகம். அப்போது ஒரு பத்திரிகையில் பாரிஸ் நீதிமன்றச் செய்தி ஒன்றைப் படித்தார். ஒரு சாலை விபத்து எப்படி நடந்தது என்று காட்ட, குட்டிக் கார்களையும் பொம்மைகளையும் வைத்து மாடல் செய்திருந்தார்கள். அவருக்குப் பொறி தட்டியது. வாக்கியமும் இப்படித்தானே? உலகத்தில் பொருள்கள் எப்படி அமைந்திருக்கின்றனவோ, அதற்கு வார்த்தைகளால் செய்த ஸ்கேல் மாடல்தான் வாக்கியம். நம்ம பாஷையில் சொன்னால், மொழி என்பது ஒரு கேட் டிராயிங்.

இந்த யோசனையைச் சுற்றி 1918இல் எழுதி முடித்த புத்தகம்தான் டிராக்டேடஸ். நூறு பக்கத்துக்குள் அடங்கும், எல்லாம் நம்பர் போட்ட வாக்கியங்கள். அந்த வருஷம்தான் அவருடைய நெருங்கிய நண்பர் டேவிட் பின்சென்ட், விமான ஆராய்ச்சியின்போது நடந்த விபத்தில் இறந்தார். புத்தகத்தை அவர் நினைவுக்கே சமர்ப்பித்தார். போர் முடிந்ததும் இத்தாலியில் போர்க்கைதி. வீடு திரும்பியதும் செய்த முதல் வேலை, அப்பா வைத்துவிட்டுப்போன சொத்தை முழுக்க உடன்பிறந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்தது. தத்துவத்தின் பிரச்சினைகளை எல்லாம் தீர்த்தாச்சு என்று நினைத்தார். அதனால் தத்துவத்தையும் விட்டுவிட்டு, கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாராகப் போனார்.

அடி

இந்தப் பகுதியை நான் தாண்டிப் போகலாம். பல அறிமுகக் கட்டுரைகள் அப்படித்தான் தாண்டிப் போகின்றன. ஆனால் இது இல்லாமல் மீதிக்கதை புரியாது.

1920 முதல் 1926 வரை ஆஸ்திரிய மலைக்கிராமங்களில் வேலை பார்த்தார். நல்ல வாத்தியார்தான். பிள்ளைகளோடு சேர்ந்து பூனையின் எலும்புக்கூட்டைப் பொருத்தினார். மாணவர்களுக்காக ஒரு அகராதியே தயாரித்தார். உள்ளூர் ஃபேக்டரியில் ஸ்டீம் எஞ்சின் நின்றுபோக, வந்த எஞ்சினியர்கள் கைவிரித்த பிறகு, நாலு ஆட்களை நாலு இடத்தில் நிறுத்தி, தான் சொல்கிற தாளத்தில் மாறி மாறிச் சுத்தியலால் தட்டவைத்து ஓடவைத்தார் என்று ஒரு கதை உண்டு.

ஆனால் கணக்கு வராத பிள்ளைகளிடம் அவருக்குப் பொறுமை இல்லை. மண்டையில் அடிப்பார், முடியைப் பிடித்து இழுப்பார். 1926 ஏப்ரலில் ஒட்டர்தால் கிராமத்தில் 11 வயதுப் பையன் ஒருவனைத் தலையில் அடித்தார். உடம்பு பலவீனமான பையன், மயங்கி விழுந்துவிட்டான். வகுப்பைக் கலைத்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போனார். சில நாட்களில் ராஜினாமா. ஊரைவிட்டே போய்விட்டார். வலி என்றால் என்ன என்று உலகத்துக்கே பாடம் எடுக்கப் போகிறவர், கண் முன்னால் நின்ற குழந்தையின் வலியைப் பார்க்காமல் விட்டவர்.

அடுத்த இரண்டு வருஷம் வியன்னாவில் அக்கா மார்கரெட்டுக்கு வீடு கட்டினார். கதவுக் கைப்பிடியும் ரேடியேட்டரும்கூட அவர் டிசைன்தான். எல்லாம் முடிந்து சுத்தம் செய்யப்போகும் நேரத்தில், ஒரு பெரிய அறையின் கூரையை 3 சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னாராம். உயர்த்தினார்கள்.

இரண்டாவது இன்னிங்ஸ்

1929இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். நாம் ஆரம்பத்தில் பார்த்த வைவா அப்போது நடந்ததுதான். டிகிரிக்குக் கொடுத்தது பழைய புத்தகம். ஆனால் அவருடைய உண்மையான ஆராய்ச்சி, அந்தப் பழைய புத்தகத்தைத் தானே உடைப்பதில் தொடங்கியது.

இதற்கு உதவியவர்களில் ஒருவர் கைடாக இருந்த ராம்சே, பாவம் 1930 ஜனவரியிலேயே இறந்துபோனார். இன்னொருவர் ஸ்ராஃபா என்ற இத்தாலியப் பொருளாதார அறிஞர். ஒருநாள் ஸ்ராஃபா விரல் நுனிகளால் தாடையின் அடியை வெளிப்பக்கமாக வழித்துக் காட்டினாராம். போடா என்பதற்கு நாம் கையை உதறுகிற மாதிரி, அவர்கள் ஊர் ஜாடை அது. இது எதனுடைய ஸ்கேல் மாடல் என்று கேட்டார். பதில் இல்லை. அந்த ஜாடை எதையும் படம் பிடிக்கவில்லை, ஆனால் அர்த்தம் மட்டும் பளிச்சென்று புரிகிறது. அர்த்தம் வந்தது அதைப் பயன்படுத்தும் மனிதர்களின் பழக்கத்திலிருந்து.

அப்படியானால் வலி, பயம், ஆசை, ஞாபகம் என்ற வார்த்தைகளுக்கு எப்படி அர்த்தம் வந்தது? இங்கிருந்துதான் அவர் மனசைப் பற்றிய தத்துவத்துக்குள் நுழைகிறார்.

நாம் சாதாரணமாக எப்படி நினைக்கிறோம்? என் வலி எனக்குள்ளே இருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் வலி உங்களுக்குள்ளே. நான் பார்ப்பது உங்கள் முகத்தை மட்டும்தான், உள்ளே இருப்பதைச் சும்மா யூகிக்கிறேன். சரியாகத்தானே படுகிறது?

சின்ன வயசில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வைத்திருந்தவர்களுக்கு அவர் சொன்ன உதாரணம் டக்கென்று புரியும். ஒரு ஊரில் எல்லோரிடமும் ஒரு பெட்டி. உள்ளே இருப்பதை எல்லோரும் வண்டு என்கிறார்கள். அடுத்தவன் பெட்டியை யாரும் திறந்து பார்க்கவே முடியாது. ஒருத்தன் பெட்டியில் வேறு ஏதோ இருக்கலாம், இன்னொருத்தன் பெட்டி காலியாகவே இருக்கலாம். இருந்தும் அந்த ஊரில் வண்டு என்ற வார்த்தை நன்றாகவே புழங்குகிறது என்றால், அதன் அர்த்தத்துக்கும் பெட்டிக்குள் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்றுதானே ஆகிறது? வலி என்ற வார்த்தையும் இப்படி ஒரு தனிப் பெட்டிக்குள் இருப்பதன் பெயர் என்று வைத்துக்கொண்டால், அந்த வலிக்குப் பேச்சில் இடமே இல்லாமல் போய்விடும். ஆக, அந்தப் பெட்டிப் படமே தப்பு.

இன்னொரு உதாரணத்தை நம்ம லேப் பாஷையில் சொல்கிறேன். எனக்குள் ஒரு புது உணர்வு வருகிறது. அதற்கு எஸ் என்று பெயர் வைத்து, வரும்போதெல்லாம் டைரியில் எழுதுகிறேன். இன்றைக்கு வந்ததும் அதே எஸ்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் ஞாபகம் சொல்கிறது. ஞாபகம் சரியா என்று எதை வைத்துச் சோதிப்பேன்? அதே ஞாபகத்தை வைத்து. ஒரு மல்டிமீட்டரை அதே மல்டிமீட்டரால் கேலிபரேட் பண்ணுவது மாதிரி. ரிப்போர்ட்டில் அப்படி எழுதினால் லேப் இன்சார்ஜ் கிழித்துப் போடுவார். சரி, தப்பு என்று சொல்ல வெளியே ஒரு அளவுகோல் வேண்டும். ஆகவே ஒரு ஆளுக்கு மட்டுமே புரியக்கூடிய மொழி என்று ஒன்று இருக்கவே முடியாது என்பது அவர் வாதம்.

அப்போ வலி என்ற வார்த்தையை நாம் எங்கே கற்றோம்? குழந்தை ஓடும்போது விழுகிறது, முட்டியில் சிராய்ப்பு, வீல் என்று அழுகிறது. அம்மா ஓடிவந்து தூக்கி, ஊதிவிட்டு, வலிக்குதா கண்ணு என்று கேட்கிறாள். கொஞ்ச நாளில் குழந்தை அழுவதற்குப் பதிலாக வலிக்குதும்மா என்று சொல்லப் பழகுகிறது. அழுகை இருந்த இடத்தில் வார்த்தை வந்து உட்கார்கிறது. அந்த அம்மா குழந்தையின் மனசுக்குள் என்ன இருக்கும் என்று யூகம் செய்துகொண்டு நிற்பதில்லை. அந்த முகத்திலேயே வலியைப் பார்க்கிறாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை, வெளியே தெரியும் நடத்தை மட்டும்தான் என்று அவர் சொன்னதாகப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. வலி உண்மைதான். நடிக்கவும் முடியும், மறைக்கவும் முடியும். ஆனால் மறைப்பது என்பதே, பொதுவாக அது வெளியே தெரியும் என்பதால்தான் சாத்தியமாகிறது.

மன்னிப்புக் கேட்கப் போனவர்

1936இல் மறுபடியும் நார்வேயின் அதே கிராமத்துக்குப் போய், இந்த யோசனைகளைப் புத்தகமாக எழுதத் தொடங்கினார். அதே காலத்தில் இன்னொரு காரியமும் செய்தார். நண்பர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து, தன் வாழ்க்கையில் செய்த தப்புகளை ஒப்புக்கொண்டார். அதில் ஒன்று, வாத்தியாராக இருந்தபோது ஒரு மாணவியை அடித்துவிட்டு, விசாரித்தபோது அடிக்கவே இல்லை என்று பொய் சொன்னது.

நண்பர்களிடம் சொன்னதோடு நிற்கவில்லை. பத்து வருஷம் கழித்து ஒட்டர்தாலுக்கே போனார். தன்னிடம் அடிவாங்கிய பிள்ளைகள் சிலரின் வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டார். சிலர் மன்னித்தார்கள். சிலர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் கண்டுகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதை வைத்து அவரை மகான் ஆக்க நான் வரவில்லை. அடித்தது அடித்ததுதான். பிற்காலத்திலும் தன்னைச் சுற்றி இருந்தவர்களை அவர் படுத்தியது கொஞ்சநஞ்சம் இல்லை. கணிதத்தில் பிரமாதமாக வந்திருக்க வேண்டிய ஃபிரான்சிஸ் ஸ்கின்னர் என்ற மாணவரைப் படிப்பை விட்டுவிட்டுக் கருவிகள் செய்யும் ஃபேக்டரியில் வேலைக்குச் சேரத் தூண்டியவரும் இவர்தான். ஆனால் அடுத்தவர் வலியைப் பற்றி எழுதிக்கொண்டே, தான் கொடுத்த வலியைத் தேடிப் போய்ப் பார்த்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

டூரிங்கும் பல்வலியும்

1939இல் மூர் ஓய்வுபெற, அந்தப் பேராசிரியர் பதவி இவருக்கு வந்தது. அந்த வருஷம் கணிதத்தின் அடிப்படைகள் பற்றி அவர் எடுத்த வகுப்பில் வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஆலன் டூரிங். ஆமாம், நம்ம தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் டூரிங்தான். இரண்டு பேருக்கும் சரியான வாக்குவாதம். கணிதத்துக்குள் எங்கேயோ ஒரு முரண்பாடு ஒளிந்திருந்தால் என்ன கெட்டுவிடும் என்று விட்கென்ஸ்டைன் கேட்டார். அந்தக் கணக்கை வைத்துப் பாலம் கட்டினால் பாலம் விழும் என்பது டூரிங் கட்சி. விழுந்தால் இயற்பியல் விதி தப்பாக இருக்கும், இல்லை கணக்குப் போட்டது தப்பாக இருக்கும் என்று இவர் விடவில்லை. சிவில் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து தொடரலாம்.

மெஷின் யோசிக்குமா என்ற கேள்வியை 1950இல் தன் கட்டுரையில் எடுத்துக்கொண்டார் டூரிங். அதற்குப் பதினைந்து வருஷத்துக்கும் முன்பே விட்கென்ஸ்டைன் தன் மாணவர்களுக்குச் சொல்லி எழுதவைத்த குறிப்புகளில் அந்தக் கேள்வி வருகிறது. மெஷின் யோசிக்குமா, மெஷினுக்குப் பல்வலி வருமா? நல்ல மெஷின் செய்தால் ஒருநாள் தெரிந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. மூன்று என்ற எண் என்ன கலர் என்று கேட்டால் எப்படி முழிப்போமோ, அந்த மாதிரிக் கோளாறு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது என்றார். பல்வலி என்ற வார்த்தை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் உட்காரும் ஒரு ஜீவனின் வாழ்க்கையோடு ஒட்டிப் பிறந்தது. அந்த வாழ்க்கை இல்லாத இடத்தில் அந்த வார்த்தையை வைத்து என்ன பண்ணப் போகிறோம்? சாட்பாட் நமக்கு ஆறுதல் சொல்லும் இந்தக் காலத்தில் அவரோடு நீங்க சண்டை போடலாம். ஆனால் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் புரொபசர் நாற்காலியில் சும்மா உட்கார மனசு வரவில்லை. 1941இல் லண்டனின் கைஸ் மருத்துவமனையில், வார்டு வார்டாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் போர்ட்டர் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அறிமுகமான டாக்டர்களோடு பிறகு நியூகாசிலுக்குப் போய் லேப் அசிஸ்டன்ட் ஆனார். காயம்பட்டவர்களுக்கு வரும் ஷாக் என்ற நிலையைப் பற்றிய ஆராய்ச்சி அது. நாடித்துடிப்பின் அழுத்தத்தைப் பதிவு செய்யப் பழையதைவிட நல்ல கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார். உள்ளே இருந்த மெக்கானிக்கல்காரர் எங்கேயும் போய்விடவில்லை. ஷாக் என்ற வார்த்தையே ஆளுக்கு ஒரு அர்த்தத்தில் புழங்கி டாக்டர்களைக் குழப்புகிறது, அதை விட்டுவிட்டு நோயாளியிடம் பார்த்ததை எழுதலாம் என்ற அந்தக் குழுவின் எண்ணம் அவருக்கும் ரொம்பப் பிடித்திருந்தது.

போருக்குப் பிறகு 1946-47இல் அவர் எடுத்த கடைசி வருஷ வகுப்புகள் முழுக்க மனசைப் பற்றியவை. மூன்று மாணவர்கள் எடுத்த நோட்ஸ் பின்னாளில் புத்தகமாக வந்தது. அதில் ஒருவர் இந்தியாவிலிருந்து போன கே. ஜே. ஷா, பிறகு கர்நாடகாவின் தார்வாடில் தத்துவம் கற்பித்தவர். 1947இல் வேலையை விட்டார். அயர்லாந்தில் தனியாக இருந்து எழுதினார். 1949இல் புற்றுநோய் என்று தெரிந்தது. 1951 ஏப்ரல் 29, கேம்பிரிட்ஜில் தன் டாக்டரின் வீட்டிலேயே இறந்தார். 62 வயது முடிந்து மூன்றாவது நாள். அதற்கு இரண்டு நாள் முன்புவரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நன்றாகவே வாழ்ந்தேன் என்று நண்பர்களிடம் சொல்லும்படி டாக்டரின் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். மனசைப் பற்றி எழுதிய பெரிய புத்தகம், ஃபிலாசாஃபிகல் இன்வெஸ்டிகேஷன்ஸ், 1953இல்தான் வெளிவந்தது.

கடைசியாக ஒன்று

இவரைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் ஏஐ எலெக்டிவ். அதில் செமினார் டாபிக்காக டூரிங் வந்தார், டூரிங்கைத் தேடும்போது இவர் வந்தார். ஆனால் விடாமல் படித்ததற்குக் காரணம் வேறு.

இரண்டாம் வருஷத்தில் என் ரூம்மேட் ஒருத்தன். தினமும் ராத்திரி என்னடா ஆச்சு என்று கேட்பேன், ஒண்ணும் இல்லடா என்பான். நானும் சரி என்று ஹெட்செட் மாட்டிக்கொள்வேன். அவன் மனசு அவன் பெட்டிக்குள் இருக்கிறது, அவன் திறந்தால்தானே எனக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருநாள் அவன் அப்பா வந்து அழைத்துக்கொண்டு போனார். ஒரு செமஸ்டர் முழுக்க வீட்டில், சிகிச்சையில். இப்போ நன்றாக இருக்கிறான், இதை எழுத அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

யோசித்துப் பார்த்தால் பெட்டி எதுவும் பூட்டியிருக்கவில்லை. மெஸ்ஸில் பாதித் தட்டு அப்படியே இருக்கும். மூணு மணிக்கு நான் எழுந்தால் அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பான். துவைக்காத துணி கட்டிலுக்கு அடியில் மலையாகக் கிடக்கும். கிரிக்கெட் என்றால் முதலில் ஓடுகிறவன் இரண்டு மாதமாக இறங்கவில்லை. எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தது. நான் அவன் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டேன், ஏன்னா அதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வரும்போது பிளேஸ்மென்ட் சீசன் பாதி முடிந்திருக்கும். உங்கள் விங்கில் இன்னும் ஆஃபர் வராத யாராவது இருப்பார்கள். நல்லா இருக்கேன்டா என்றுதான் சொல்லுவார்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்க, சாப்பிட்ட தட்டையும் கொஞ்சம் பாருங்க. சரியில்லை என்று பட்டால் போய்ப் பக்கத்தில் உட்காருங்க. உங்களால் முடியாது என்று தோன்றினால் வார்டனிடமோ கவுன்சிலரிடமோ, அவன் வீட்டிலோ சொல்லுங்க. காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிடுமோ என்று யோசிக்காதீங்க. நீங்களே அந்த ஆளாக இருந்தால், வாய்விட்டுச் சொல்லிடுங்க. வலிக்குது என்று சொல்வதுதான் நாம் எல்லோரும் கற்ற முதல் பாடங்களில் ஒன்று, யாரோ ஒருத்தர் தூக்கி ஊதிவிட்டுச் சொல்லிக்கொடுத்தது.